நூற்றுக்கு மேல் எண் இல்லை

சிறுமலை அடிவாரத்தில் ஓடு வேய்ந்த ஒரு தியானக் கூடம் இருந்தது. அதற்குள் பன்னிரண்டு பாய்களும் ஒரு பழைய கணினியும் ஒரு குருவும் இருந்தார்கள்.

குருவின் பெயர் ரங்கநாயகி. வயது நாற்பத்தேழு. அங்கே வருவதற்கு முன் வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். காவி கட்டியதில்லை. மில்லுக்குக் கட்டிப்போன அதே மாதிரி நூல் சேலைதான். யார் பேசினாலும் அவர்கள் முகத்திலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். இவ்வளவு கவனமாக நம்மைக் கேட்கிறவர் உலகத்தில் வேறு யார் என்று வருகிறவர்களுக்குத் தோன்றும்.

சீடரின் பெயர் காத்தமுத்து. குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ரயில்வேயில் முப்பத்தொரு வருடம் கேட் கீப்பர். எத்தனை வண்டி போனது, எது எத்தனை நிமிடம் தாமதம் என்று எண்ணி எண்ணி, எதையும் எண்ணாமல் இருக்க முடியாதவராகிவிட்டார். பேச்சுதான் வராது. கேட்டால் பதில் சொல்வார். தானாக ஒரு கேள்வி கேட்பதற்குள் அவருக்கு வேர்த்துவிடும்.

அவர் மனைவி தவமணி ஒரு பங்குனியில் இறந்துபோனாள். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, அவள் கட்டிலை ஒட்டிக் கிடந்த நாற்காலியில் காத்தமுத்து உட்கார்ந்தார். எழுந்திருக்க முடியவில்லை. நோய் ஒன்றும் இல்லை. கால் சொன்னபடி கேட்கவில்லை, அவ்வளவுதான். பக்கத்து வீட்டார் தூக்கி நிறுத்திக் குளிக்க வைத்தார்கள். அவர்கள் போனதும் மறுபடி அந்த நாற்காலிதான்.

கடைசியில் அவர்களே அவரை ஒரு ஆட்டோவில் ஏற்றிக் கூடத்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள்.

"மொத்தம் ஒன்பது நாளும் பதினாலு மணி நேரமும் அந்த நாற்காலிதாம்மா" என்றார் காத்தமுத்து. "நான் எப்ப எந்திரிப்பேன்?"

குரு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆயிரம் தடவை இங்க வந்து உக்காருங்கய்யா. அப்புறம் கேளுங்க."

"ஆயிரமா?"

"உங்களுக்குத்தான் நல்லா எண்ண வருதே."

கூடத்தில் தினமும் ஒரே ஓர் அமர்வு. காலை ஆறரைக்குத் தொடங்கி நாற்பது நிமிடம். கண்ணை முழுக்க மூடக் கூடாது. எதிரே தரையில் இரண்டு முழத்துக்கு அப்பால் பார்வையைத் தாழ்த்தி வைக்க வேண்டும். முடிந்ததற்கு மணி அடிக்கும். மணி அடித்தாலும், குரு எழுந்த பிறகுதான் மற்றவர்கள் எழலாம். இது குருவுக்கு முன் அங்கிருந்தவர் வைத்த கட்டுப்பாடு. யாரும் மீறியதில்லை.

ஆரம்பத்தில் ஒரு வெண்கல மணி இருந்தது. அதை அடிக்க ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்கிறவருக்கு அன்றைய அமர்வு போச்சு. இதற்கு ஒரு வழி செய்தவர் இருதயராஜ். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியின் கணினி அறையில் உதவியாளர், கூடத்துக்கு வருகிறவர்களில் ஒருவர். கல்லூரியில் கழித்துப் போட்ட கணினி ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் லினக்ஸ் போட்டு, தொடக்கத்தில் ஒரு தரமும் முடிவில் மூன்று தரமும் பீப் என்று கத்தும்படி செய்து கொடுத்தார்.

"இனிமே யாரும் கடிகாரத்துக்குக் காவல் இருக்க வேண்டாம்" என்றார் குரு. அந்தக் கணினியைப் பற்றி அவர் சொன்னது அது ஒன்றுதான்.

அதைத் தினமும் முடுக்கி வைக்கும் வேலை காத்தமுத்துவுக்கு வந்தது. குறித்த நேரத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் முன்னால் வந்து நிற்கிறவர் அவர் ஒருவர்தான்.

இருதயராஜ் ஒரு சீட்டு எழுதி மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தார். கணினியை முடுக்கியதும் இந்த வரியை அடிக்க வேண்டும். வரியின் கடைசியில் இருக்கும் எண்தான் பீப்பின் சத்த அளவு. இப்போது இருபது. வேண்டுமானால் மாற்றலாம். பூஜ்யம் என்றால் சத்தமே வராது. நூறுதான் உச்சம். கணினியை அணைத்தால் அளவு மறந்துவிடும், மறுநாள் புதிதாகச் சொல்ல வேண்டும்.

காத்தமுத்து ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். சீட்டில் இருந்த ஐந்து ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, அதே உருவத்தைப் பலகையில் தேடி, ஒரே விரலால் அடிப்பார். பிறகு இருபது.

கூடத்தில் அவர் உட்கார்ந்த முதல் நாளே, முடிவில் மூன்று பீப் கேட்டது. குரு எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். காத்தமுத்துவும் எழுந்துவிட்டிருந்தார். யாரும் தூக்கவில்லை. தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போனால் நாற்காலிதான். ஆனால் மறுநாள் காலை மூன்று பீப் உண்டு என்பது நிச்சயம். அதைப் பிடித்துக்கொண்டு இருநூற்றுப் பன்னிரண்டு அமர்வு முடித்தார்.

இருநூற்றுப் பதிமூன்றாவது அமர்வு ஐப்பசியில் ஒரு மழை நாள். மூன்று பீப் அடித்தது. குரு எழவில்லை.

காத்தமுத்து முன்வரிசையில் குருவுக்கு நேர் எதிரே இருந்தார். பதினொரு மூச்சு எண்ணினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் குரு எழுந்தார்.

மழைச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் மழை இல்லை. ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று முப்பது அடித்தார். பீப் வரும் நேரத்தில் குருவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பீப் முடிவதற்குள் குரு எழுந்துவிட்டார்.

சத்தம்தான் போதவில்லை. காத்தமுத்துவுக்கு மூச்சு வந்தது.

மூன்று மாதம் நன்றாகப் போனது. பயம் தெளிந்து, மணி அடிக்கும்போது காலைப் பார்ப்பதை விட்டார். விட்ட சில நாளில் மறுபடி தாமதம், இந்தத் தடவை பதினான்கு மூச்சு. நாற்பது அடித்தார். குரு உடனே எழுந்தார். இன்னும் சில மாதத்தில் மறுபடி தாமதம். ஐம்பது.

இருதயராஜிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் கூட்டுகிறீர்கள் என்று அவர் கேட்பார். அம்மாவுக்குக் காது மங்குகிறது என்று சொல்ல வேண்டி வரும். குருவிடமே கேட்கலாம். கேட்டால், மணி கேட்காதவள் இந்த இடத்தில் உட்காரக் கூடாது என்று அவர் இடத்தை விட்டுப் போனாலும் போய்விடுவார். அவர் போனால் கூடம் இல்லை. கூடம் இல்லையென்றால் நாற்காலி. காத்தமுத்து வாயைத் திறக்கவில்லை.

எண் ஏற ஏற ஆட்கள் குறைந்தார்கள். ஐம்பதில் எட்டுப் பேர் இருந்தார்கள். எழுபதில் ஐந்து பேர். தொண்ணூறுக்குப் போனபோது காத்தமுத்துவையும் இருதயராஜையும் தவிர யாரும் இல்லை. ஒன்பது பாய்கள் சும்மா கிடந்தன. சத்தம் தாங்காமல் போய்விட்டார்கள் என்பதில் காத்தமுத்துவுக்குச் சந்தேகமே இல்லை. அவர் காதிலேயே அது ஊசி மாதிரி இறங்கியது. ஒன்பது பேரைத் தான் விரட்டிவிட்டோம் என்று தினமும் அந்தப் பாய்களைத் தட்டிப் போடும்போது நினைப்பார். ஆனாலும் எண்ணைக் குறைக்கக் கை வரவில்லை.

தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாவது அமர்வில் நூறு வந்தது. அதற்கு மேல் எண் இல்லை.

காய்ச்சலில் விட்ட ஏழு நாள் போக, தை மாதத்தில் ஒரு பனிக் காலையில் ஆயிரமாவது அமர்வு வந்தது.

அன்று காத்தமுத்து ஒரு முடிவு செய்திருந்தார். இன்று குருவின் காலைப் பார்ப்பதில்லை. நூறு வைத்தாயிற்று, இதற்கு மேல் நம் கையில் இல்லை. இந்த ஒரு நாளாவது ஒழுங்காக உட்கார்ந்து முடித்துவிட்டு, எழுந்ததும் கேட்க வேண்டும்.

மூன்று பீப் அடித்தது. அவர் அசையவில்லை. கை இரண்டும் மடியில் தளர்ந்து கிடந்தன. முப்பது மூச்சு எண்ணினார். நூறு எண்ணினார். கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து முதல் பாயைத் தொட்டது. முந்நூறு தாண்டியபோது எண்ணிக்கை ஓர் இடத்தில் தடுமாறியது. அது அவருக்குப் புதிது.

பின்னாலிருந்து கிசுகிசுப்பு வந்தது.

"அண்ணே."

காத்தமுத்து திரும்பவில்லை.

"அண்ணே, மணி அடிச்சு இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. ஏழே முக்கா பஸ்ஸை விட்டா எனக்கு அரை நாள் லீவு."

"அம்மா எந்திரிக்கலையே" என்றார் காத்தமுத்து, உதடு மட்டும் அசைய.

"அது தெரியுது. நான் என்ன தியானத்துலயா இருக்கேன்?"

"உங்க மிஷின் சத்தம் பத்தலை தம்பி. நூறு வெச்சும் பத்தலை."

"என்ன நூறு?"

"இருபதுல இருந்து ஏத்திக்கிட்டே வந்தேன். எட்டுத் தடவை. அதுலதான் எல்லாரும் போயிட்டாங்க."

இருதயராஜ் மூக்கு வழியாகச் சிரித்தார்.

"ஐயோ அண்ணே. சத்தம் போடுறது என்னன்னு நெனச்சீங்க? பெட்டிக்குள்ள ரூபாய்க் காசு அகலத்துல ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கு. அதுக்குக் கூட்டவும் தெரியாது, குறைக்கவும் தெரியாது. ஒண்ணு கத்தும், இல்லாட்டி கத்தாது. நீங்க இருபது வெச்சாலும் நூறு வெச்சாலும் ஒரே கத்துதான்."

"சீட்டுல எண்ணை மாத்தலாம்னு எழுதியிருக்கீங்களே."

"அந்த வரிக்கு எண் உண்டு. இந்தப் பெட்டிக்குக் கிடையாது. வரியைத்தானே எழுதிக் குடுத்தேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

"அப்ப ஒன்பது பேரு?"

"சத்தத்துக்கா போனாங்க? ரெண்டு பேருக்கு ஷிப்டு மாறிருச்சு. ஒருத்தருக்கு முழங்கால் வலி. மிச்சப் பேரு நத்தம் ரோட்டுல புதுசா ஒரு சாமி வந்திருக்காருல்ல, அங்க. அங்க முடிஞ்சதும் பொங்கல் தர்றாங்களாம். சட்னியோட."

வெளியே பேருந்தின் ஹாரன் கேட்டது.

"மன்னிச்சுக்கங்கண்ணே. அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க."

கட்டுப்பாட்டை முதன்முதலாக மீறிய அந்த மனிதர் பூனை மாதிரி எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வாசலைத் தாண்டியதும் ஓடினார்.

காத்தமுத்து அப்படியே இருந்தார். இருபது, முப்பது, நாற்பது என்று எண்கள் வரிசையாக நெஞ்சில் வந்து நின்றன. எல்லாம் ஒரே சத்தம். அவர் கைகள் தாமாக மடியிலிருந்து நகர்ந்து இரண்டு முழங்கால்களையும் இறுக்கிப் பிடித்தன.

குரு எழுந்தார்.

காத்தமுத்து நிமிர்ந்து பார்த்தார். எழுவதற்கு மறந்துபோனார்.

குரு வெயிலைப் பார்த்தார். அது மூன்றாவது பாய்க்கு வந்துவிட்டிருந்தது. பின்னால் இருதயராஜின் பாய் காலியாக இருந்தது.

"நேரம் ரொம்ப ஆயிருச்சோ?" என்றார்.

"மணி அடிச்சு முப்பத்தொரு நிமிஷம் ஆச்சும்மா."

குரு மறுபடி உட்கார்ந்தார்.

"அப்ப உங்க கை ஏன்யா அசையலை?"

காத்தமுத்துவுக்குப் புரியவில்லை. குரு அவர் வாயைப் பார்த்தபடி காத்திருந்தார். பிறகு தானே சொன்னார்.

"மில்லுல யாரும் காதால பேச மாட்டோம். அந்த இரைச்சல்ல எங்க கேக்குறது? வாயைப் பாத்துத்தான் பேச்சு. பத்தொன்பது வருஷத்துல காது கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. குயில் போச்சு, குக்கர் விசில் போச்சு. கடைசியா இந்த மிஷினும் போச்சு. அன்னைக்கு மழை. மழையாலதான் கேக்கலைன்னு நெனச்சேன்."

"இருநூத்திப் பதிமூணாவது."

"நீங்க எண்ணியிருப்பீங்க. என் பார்வை எப்பவும் உங்க முழங்கால்லதான் விழும். அன்னைக்குத் திடீர்னு நீங்க முழங்காலை இறுக்கிப் பிடிச்சீங்க. சரி, மணி அடிச்சிருக்குன்னு எந்திரிச்சேன்."

காத்தமுத்து தன் கைகளைப் பார்த்தார். அவை இன்னும் முழங்கால்களை விடவில்லை.

"அதுக்கப்புறம் தினம் அதுதான் எனக்கு மணி" என்றார் குரு. "கொஞ்ச நாள் கெட்டியாப் பிடிப்பீங்க. கொஞ்ச நாள் போனா விட்டுருவீங்க. விட்ட நாளெல்லாம் நான் தவிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். இவருக்கு மனசு அடங்கிருச்சு போல, இனி நமக்கு யாரு சொல்லுவான்னு."

"நான் உங்க காலைப் பாத்துக்கிட்டிருந்தேன்மா. எந்திரிப்பீங்களா, மாட்டீங்களான்னு."

"தெரியும்."

"ஏம்மா சொல்லலை?"

"நீங்க ஏன் கேக்கலை?"

காத்தமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "கேட்டா நீங்க இந்த இடத்தை விட்டுப் போயிருவீங்கன்னு."

அவர் குனிந்தபடியே சொன்னதால் குருவுக்கு அது போய்ச் சேரவில்லை. குரு குனிந்து அவர் முகத்தைத் தேடினார். காத்தமுத்து நிமிர்ந்து இன்னொரு தடவை சொன்னார்.

"சொன்னா நீங்க போயிருவீங்கன்னு நானும் பயந்தேன்" என்றார் குரு.

மேஜைமேல் கணினி ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"இன்னைக்கு ஆயிரம்மா" என்றார் காத்தமுத்து. சொல்லி முடித்ததும் அவருக்கே அது சரியாகப் படவில்லை. கொஞ்ச நேரம் உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டார். முப்பத்தொரு வருடத்தில் அவர் கணக்கில் ஒரு வண்டி தவறியதில்லை. "இல்லை. இருநூத்திப் பன்னெண்டுதான். எழுநூத்தி எண்பத்தெட்டு நாள் மணிக்குக் காவல் இருந்தேன், உக்காரலை."

"என் கணக்கும் அதேதான்."

"அப்ப இன்னும் எழுநூத்தி எண்பத்தெட்டு வந்து உக்காரட்டுமா?"

குரு மேஜையைக் காட்டினார்.

"எண்ணை மாத்துங்க. பூஜ்யம் போடுங்க."

காத்தமுத்து கையை ஊன்றி எழுந்து போனார். சீட்டைப் பார்க்காமலே ஐந்து எழுத்தையும் அடித்தார். ஆயிரம் நாளில் விரலுக்கு வழி தெரிந்திருந்தது. பிறகு பூஜ்யம் அடித்தார். பெட்டி எந்தப் பதிலும் சொல்லவில்லை. திரும்பி வந்தார்.

குரு தன் பாயை எடுத்து உதறி, திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் கூடத்தைப் பார்த்துக் கிடந்த பாய் இப்போது சுவரைப் பார்த்துக் கிடந்தது. அவர் அதில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அங்கிருந்து யாருடைய முழங்காலும் தெரியாது.

காத்தமுத்து சுவருக்கும் குருவுக்கும் நடுவே இருந்த இடுக்கில் போய், அவர் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"மணியும் இல்ல. என்னையும் பாக்க மாட்டீங்க. அப்ப எப்பம்மா எந்திரிக்கிறது?"

குரு அவர் வாயைப் பார்த்தார். பிறகு அவர் கண்ணைப் பார்த்தார்.

"வந்த அன்னைக்கும் இதைத்தான்யா கேட்டீங்க."

சொல்லிவிட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

காத்தமுத்து இடுக்கிலிருந்து வெளியே வந்து தன் பாயில் உட்கார்ந்தார். எதிரே குருவின் முதுகு இருந்தது. வெயில் நான்காவது பாய்க்கு வந்திருந்தது. அவர் எதையோ கேட்பதற்கு வாயைத் திறந்தார். அதைப் படிக்க ஆள் இல்லை. மூடிக்கொண்டார்.